ஃபீனிக்ஸ் செயின்ட் ஜோசப்ஸ் ஆஸ்பத்திரி கேஸ்: யார் சொல்லணும், என்ன சொல்லணும்

அமெரிக்கால அரிசோனா மாநிலம், ஃபீனிக்ஸ் நகரத்துல செயின்ட் ஜோசப்ஸ்னு ஒரு பெரிய ஆஸ்பத்திரி இருக்கு, 1895ல மெர்சி சபை சிஸ்டர்ஸ் ஆரம்பிச்சது. 2010 டிசம்பர் 21ம் தேதி, கிறிஸ்துமஸுக்கு நாலே நாள் இருக்கும்போது, அந்த மறைமாவட்டத்து பிஷப் தாமஸ் ஓல்ம்ஸ்டெட் இனிமே இது கத்தோலிக்க ஆஸ்பத்திரி கிடையாதுன்னு அறிவிச்சாரு. முக்கியமான காரணம், ஒரு தாயோட உயிரக் காப்பாத்த 2009ல அங்க செஞ்ச ஒரு கருக்கலைப்பு. அதுக்கப்புறம் சேப்பல்ல பூசை வைக்கக்கூடாது, நற்கருணைப் பேழையில நற்கருணை வைக்கக்கூடாது. நூறு வருஷத்துக்கு மேல சிஸ்டர்ஸ் ஜெபம் பண்ண இடத்துல பேழை காலியாச்சு.

இந்தக் கேஸப் பத்திப் பேசுறவங்க பெரும்பாலும் ரெண்டு கட்சியாதான் பேசுறாங்க, ஒண்ணு பிஷப்புக்கு இரக்கமே இல்லன்னு, இல்லன்னா ஆஸ்பத்திரி ஒரு குழந்தையக் கொன்னுட்டு கத்தோலிக்கப் பேர வச்சிக்கப் பார்த்துச்சுன்னு. எனக்கு ரெண்டுமே பத்தல. பிஷப்போட அறிக்கை, ஆயர் பேரவை, அதாவது அமெரிக்க பிஷப்புகளோட கூட்டமைப்பு வெளியிட்ட விளக்கம், ஆஸ்பத்திரி பக்கம் எழுதப்பட்ட இறையியல் ஆய்வு எல்லாத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தா இதுல ரெண்டு கேள்வி பின்னிக் கிடக்குறது தெரியும். இத முடிவு பண்ற அதிகாரம் யாருக்குன்றது ஒண்ணு. அன்னைக்கு அந்த ரூம்ல நடந்தது உண்மையில என்னங்கிறது இன்னொண்ணு. முதல் கேள்விக்கு சரியான பதில் சொல்லிட்டு ரெண்டாவதும் முடிஞ்சிருச்சுன்னு நினைச்சதுதான் இதுல நடந்த தப்புன்னு நான் நம்புறேன்.

முதல்ல அந்தப் பொண்ணப் பத்தி. 27 வயசு, ஏற்கனவே நாலு புள்ளைங்க, 11 வாரம் கர்ப்பம். 2009 நவம்பர்ல ஆஸ்பத்திரில சேர்ந்தாங்க. அவங்களுக்கு பல்மனரி ஹைப்பர்டென்ஷன், அதாவது இதயத்துலேருந்து நுரையீரலுக்குப் போற ரத்தக்குழாய்ங்க இறுகிப்போயி, உள்ள ப்ரஷர் ஏறி, இதயத்தோட வலது பக்கம் முக்கி முக்கி ரத்தத்தத் தள்ள வேண்டிய நிலைமை. சாதாரணமா இருக்கிறவங்களுக்கே கர்ப்பத்துல உடம்புல ஓடுற ரத்தத்தோட அளவு போகப்போக 40, 50 சதவீதம் வரைக்கும் கூடும், நல்ல இதயம் அதத் தாங்கிக்கும், இந்த இதயம் தாங்காது. பழைய மருத்துவ ஆய்வுகள்ல இந்த நோயோட கர்ப்பமானவங்கள்ல 30லேருந்து 56 சதவீதம் வரைக்கும் இறந்திருக்காங்க, நோய் எந்த வகைங்கிறதப் பொறுத்து. இவங்க நிலைமை அதவிட மோசம், இதயத்தோட வலது பக்கம் செயலிழந்து ஷாக்குக்குப் போயாச்சு, கர்ப்பம் தொடர்ந்தா சாவு கிட்டத்தட்ட 100 சதவீதம்னு டாக்டர்ங்க எழுதி வச்சாங்க. வேற ஆஸ்பத்திரிக்கு மாத்துறத விடுங்க, ஆபரேஷன் தியேட்டர் வரைக்கும்கூட தள்ளிட்டுப் போக முடியாத அளவுக்கு இருந்தாங்கன்னு அங்க வேலை பாத்த ஒரு டாக்டர் பின்னாடி சொன்னாரு.

குழந்தையோட நிலைமையையும் அதே கவனத்தோட பாக்கணும், ஏன்னா திருச்சபையோட போதனைப்படி அந்த ரூம்ல இருந்தது ரெண்டு நோயாளிங்க. 11 வார சிசு வெளில வந்து உயிர் வாழ வழியே இல்ல, ரொம்ப நல்ல வசதி இருக்கிற இடத்துலயே பொதுவா 22 வாரமாவது ஆகணும், அதுவும் சந்தேகம்தான். அம்மாவுக்கு மிச்சம் இருந்தது நாள் கணக்குலயோ மணி கணக்குலயோதான். அம்மா போனா குழந்தையும் அப்பவே போயிரும். அதாவது தாயா சேயான்னு தேர்ந்தெடுக்குற இடமே அங்க இல்ல, குழந்தைய மட்டும் காப்பாத்துற வழி யார்கிட்டயும் கிடையாது. இத மனசுல வச்சுக்கிட்டுதான் மத்த எல்லாத்தையும் படிக்கணும்.

அமெரிக்கக் கத்தோலிக்க ஆஸ்பத்திரிங்க எல்லாம் ஆயர் பேரவை வெளியிடுற ஒரு அறநெறி வழிகாட்டுதல் தொகுப்பப் பின்பத்தணும். அதுல 45வது டைரக்டிவ், நேரடிக் கருக்கலைப்புக்கு எந்தக் காரணத்துக்கும் இடமில்லன்னு சொல்லுது. 47வது சொல்றது வேற: கர்ப்பிணிக்கு இருக்கிற கடுமையான நோயக் குணப்படுத்துறதையே நேரடி நோக்கமா வச்ச ஆபரேஷனோ மருந்தோ, குழந்தை வெளில பிழைக்கிற கட்டம் வர்ற வரைக்கும் தள்ளிப்போட முடியாததா இருந்தா, அதனால குழந்தை இறந்துபோகும்னாகூட செய்யலாம். ஆஸ்பத்திரியோட எத்திக்ஸ் கமிட்டி 47வத எடுத்துக்கிட்டு சரின்னு சொல்லுச்சு. அந்தக் கமிட்டில இருந்தவங்கள்ல ஒருத்தங்க சிஸ்டர் மார்கரெட் மெக்பிரைட், ஆஸ்பத்திரியோட துணைத் தலைவர்கள்ல ஒருத்தர். அந்தப் பொண்ணும் சம்மதிச்சு கர்ப்பத்தக் கலைச்சாங்க, அம்மா பிழைச்சாங்க.

விஷயம் பிஷப் காதுக்குப் போச்சு, 2010 மே மாசம் பேப்பர்ல வந்துச்சு. சிஸ்டர் மார்கரெட் தானாவே திருச்சபை விலக்கத்துக்கு, அதாவது திருச்சபையோட உறவுலேருந்து வெட்டப்படுற தண்டனைக்கு ஆளாயிட்டாங்கன்னு பிஷப் சொன்னாரு, ஆஸ்பத்திரி அவங்கள அந்தப் பொறுப்புலேருந்து வேற வேலைக்கு மாத்துச்சு.

இப்ப அந்த "நேரடி"ங்கிற வார்த்தைக்கு வருவோம், மொத்தக் கேஸும் இதுலதான் தொங்குது. 13ம் நூற்றாண்டு இறையியலாளர் புனித தோமா அக்குவினாஸ் தற்காப்பப் பத்தி எழுதும்போது, ஒரே செயலுக்கு ரெண்டு விளைவு இருக்கலாம், அதுல ஒண்ண மட்டும் ஒருத்தன் நாடியிருக்கலாம்னு சொல்றாரு. அதுலேருந்து வளர்ந்ததுதான் இரட்டை விளைவுக் கோட்பாடு. செயல் தன்னளவுல கெட்டதா இருக்கக்கூடாது, நல்ல விளைவத்தான் நாடணும், கெட்ட விளைவு வழியா நல்லது வரக்கூடாது, அப்புறம் அந்தக் கெட்டதத் தாங்கிக்கிற அளவுக்குப் பெரிய காரணம் இருக்கணும். கர்ப்பப்பைல கேன்சர்னா கர்ப்பப்பையையே எடுக்கலாம், உள்ள இருக்கிற குழந்தை இறந்தாலும் அது நேரடி இல்ல, இதுல யாருக்கும் தகராறு கிடையாது. கருக்குழாய்ல தங்குற கர்ப்பத்துல இது இவ்வளவு சுலபமா வரல. 1902ல ரோம் வேண்டாம்னுதான் சொல்லுச்சு, அப்புறம் 1933ல இயேசு சபை ஃபாதர் ஒருத்தர் அந்தக் குழாயே நோய்ப்பட்ட உறுப்புதான், அத எடுக்கிறது குழந்தையத் தாக்குறது ஆகாதுன்னு வாதம் வச்சாரு, போகப்போக கத்தோலிக்க ஆஸ்பத்திரிங்கள்ல அதுவே நடைமுறையாச்சு. அந்த முப்பது வருஷத்துல போதனை மாறல. கண்ணு முன்னாடி நடக்குறது என்னங்கிற புரிதல்தான் ஆழமாச்சு.

2010 ஜூன்ல ஆயர் பேரவையோட கோட்பாட்டுக் குழு ஒரு விளக்கம் கொடுத்துச்சு, ஃபீனிக்ஸ் செய்தி வெளில வந்த அடுத்த மாசமே. அதுல கர்ப்பத்தால வேற உறுப்பு மோசமாகிற பொண்ணுக்கு கர்ப்பத்தக் கலைக்கிறது நேரடி, கர்ப்பப்பை கேன்சர்ல கர்ப்பப்பைய எடுக்கிறது மறைமுகம். முதல்ல சொன்னதுல டாக்டரோட கை நோய்ப்பட்ட உறுப்பத் தொடவே இல்ல, குழந்தையத்தான் தொடுது, குழந்தையோட சாவு வழியாத்தான் அம்மாவுக்கு சுமை குறையுது. இந்த வாதத்த லேசா தள்ளிர முடியாது. ஒரு தடவ இந்தக் கோட்ட அழிச்சுட்டா நாளைக்கு கஷ்டம்னு சொல்ற எல்லா இடத்துலயும் அழியும்ங்கிற பயம் நியாயமான பயம், அந்தக் கோடு இல்லாம போன இடங்கள்ல என்ன ஆச்சுன்னு பாக்கிறவங்களுக்கு அது புரியும்.

ஆஸ்பத்திரிய நடத்துன கேத்தலிக் ஹெல்த்கேர் வெஸ்ட் நிறுவனம், மார்க்கெட் (Marquette) பல்கலைக்கழகத்து இறையியலாளர் எம். தெரீஸ் லைசாட்கிட்ட ஆய்வு கேட்டுச்சு. அவங்க ரெண்டு விஷயம் சொன்னாங்க. ஒண்ணு, அந்த நேரத்துல அம்மா உடம்புல ஆபத்த உண்டாக்குனது நஞ்சுக்கொடியோட செயல்பாடு, சிகிச்சை அதுமேலதான் போச்சு. இன்னொண்ணு, குழந்தை ஏற்கனவே சாவோட பாதையில இருந்துச்சு, அத எந்த வழியிலயும் காப்பாத்த முடியாது, அதனால டாக்டர்ங்க செஞ்ச செயலோட பொருள் சாவத் தேர்ந்தெடுக்கிறது இல்ல, காப்பாத்த முடிஞ்ச ஒரே உயிரக் காப்பாத்துறது. ஜெர்மெய்ன் கிரிசே, மார்ட்டின் ரோன்ஹைமர் மாதிரி திருச்சபை போதனைக்கு ரொம்ப விசுவாசமானவங்கன்னு பேரெடுத்தவங்களோட எழுத்தத்தான் இதுக்கு ஆதாரமா காட்டுனாங்க, கலகக்காரங்களக் கூட்டிட்டு வரல.

என் கருத்து: நஞ்சுக்கொடி வாதம் எனக்கு முழுசா ஒத்து வரல. அது நோய்ப்பட்ட உறுப்பு இல்ல, அதோட வேலைய ஒழுங்காத்தான் செஞ்சுட்டு இருந்துச்சு, அத எடுக்கிறதுக்கும் குழந்தைய எடுக்கிறதுக்கும் அந்தக் கட்டத்துல பெருசா வித்தியாசம் காட்ட முடியாது. ஆனா ரெண்டாவது வாதத்துக்கு பிஷப் தரப்புல பதில் வந்த மாதிரி எனக்குத் தெரியல. அவரோட டிசம்பர் அறிக்கையில குழந்தை ஆரோக்கியமா இருந்துச்சு, நோய் அம்மாவுக்குத்தான், நோய்க்கு வைத்தியம் பாக்காம ஆரோக்கியமான குழந்தைய நேரடியா கொன்னுட்டாங்கன்னு இருக்கு. நோய்க்கு வைத்தியம் பாத்திருக்கணும்னா எந்த வைத்தியம்? ஷாக்குல கிடக்கிற உடம்புக்கு, தியேட்டர் வரைக்கும் நகர்த்த முடியாதப்ப, என்ன மிச்சம் இருந்துச்சு? குழந்தை ஆரோக்கியம்ங்கிறது அம்மா மூச்சு ஓடுற வரைக்கும்தான் உண்மை. அந்த வாக்கியத்தப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த நாலு புள்ளைங்க ஞாபகம்தான் வருது.

விலக்கம் பத்தி சொல்லியே ஆகணும், ஏன்னா ஓல்ம்ஸ்டெட் திருச்சபைச் சட்டத்துல டாக்டர் பட்டம் வாங்குனவரு. அப்ப இருந்த சட்டத்தொகுப்போட 1398வது பிரிவுப்படி கருக்கலைப்பு செய்யிறவங்களுக்கு, யாரும் தீர்ப்பு சொல்லாமலே, செயல் முடிஞ்ச உடனே விலக்கம் வந்து விழுது, லத்தீன்ல லாட்டே செந்தென்சியேன்னு சொல்வாங்க. அவங்க துணையில்லாம அது நடந்திருக்காதுன்ற அளவுக்கு உடந்தையா இருக்கிறவங்களுக்கு 1329வது பிரிவு வழியா அதே தண்டனை. ஆனா அதே தொகுப்புல 1324வது பிரிவு இருக்கே. கடும் பயத்துலயோ தவிர்க்க முடியாத தேவையிலயோ ஒருத்தர் செஞ்சிருந்தா, அந்தச் செயல் தன்னளவுல தீயதாவே இருந்தாலும், தானா விழுற தண்டனை அவங்களக் கட்டுப்படுத்தாது. ஒரு பொண்ணு செத்துட்டு இருக்கிற ரூம் தேவை இல்லைன்னா பின்ன எதுதான் தேவை? பிஷப் சொல்ற மாதிரி அது நேரடிக் கருக்கலைப்புன்னே எடுத்துக்கிட்டாலும், தானா விலக்கம்ங்கிற முடிவு அதுலேருந்து நேரா வராது. அதே 2009ல பிரேசில்ல, ரெசீஃபெ மறைமாவட்டத்துல, பாலியல் கொடுமையால ரெட்டைக் கரு சுமந்த 9 வயசுக் குழந்தை கேஸ்லயும் இப்படித்தான், பேராயர் விலக்கத்தப் பகிரங்கமா அறிவிச்சாரு, பிரேசில் ஆயர்கள் பேரவையே குழந்தையோட அம்மாவுக்கு விலக்கம் இல்லன்னு சொல்ல வேண்டியதாச்சு. சட்டத்துல கருணைக்குன்னு எழுதி வச்சிருக்கிற பிரிவையும் சேர்த்து வாசிக்கிறதுதான் சட்டத்த வாசிக்கிறது.

அதுக்காக பிஷப்புக்கு அதிகாரமே இல்லன்னு நான் சொல்ல வரல, அங்க அவர் பக்கம்தான் நான். நவம்பர் 22ம் தேதி நிறுவனத் தலைவர் லாய்ட் டீனுக்கு அவர் எழுதுன லெட்டர்ல, நடந்தது 47வது டைரக்டிவுக்குள்ள வராதுன்னு ஒத்துக்கணும், வெளில இருந்து கத்தோலிக்க மருத்துவர் சங்கம் வந்து பரிசோதிக்கணும், ஊழியர்களுக்கு அறநெறிப் பயிற்சி கொடுக்கணும்னு கேட்டாரு. இந்த விவாதத்துல ரெண்டு பக்கமும் சமம்னு முடிக்க முடியாது, தீர்த்து வைக்கிற பொறுப்பு எனக்குத்தான்னும் எழுதுனாரு. அவர் கோபத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. மெர்சி கேர் ப்ளான்னு அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஒண்ணுல அந்த நிறுவனம் வருஷக்கணக்கா பங்கு வகிச்சிருக்கு, அதுல கருத்தடை, குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் எல்லாம் உண்டு, பிஷப்புக்கே அது லேட்டாத்தான் தெரிஞ்சுச்சாம். திருச்சபைச் சட்டம் 216வது பிரிவுப்படி அதிகாரம் உள்ளவரோட சம்மதம் இல்லாம எந்தப் பணியும் கத்தோலிக்கம்ங்கிற பேரச் சொல்லிக்க முடியாது. அதே 2010 பிப்ரவரில ஓரிகான் மாநிலம் பெண்ட் ஊர்லயும் ஒரு பிஷப் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் காரணமா ஆஸ்பத்திரியோட இருந்த தொடர்ப முடிச்சுக்கிட்டாரு, அங்க ரெண்டு பக்கமும் பேசித்தான் பிரிஞ்சாங்க. பேரக் கொடுக்கிறதும் எடுக்கிறதும் பிஷப்போட வேலை. அது இல்லன்னா அந்தப் பேருக்கு அர்த்தமே கிடையாது.

இதுல ரொம்ப சங்கடப்பட்டவங்க கத்தோலிக்க ஆஸ்பத்திரிங்களோட சங்கத் தலைவி சிஸ்டர் கேரல் கீஹன். டிசம்பர்ல அவங்க ஆஸ்பத்திரி வழிகாட்டுதல சரியாத்தான் பயன்படுத்துச்சுன்னு சொன்னாங்க. ஜனவரில ஆயர் பேரவைத் தலைவர் பேராயர் டோலனுக்கு எழுதுன லெட்டர்ல, வழிகாட்டுதலுக்கு விளக்கம் சொல்ற அதிகாரம் அந்தந்த மறைமாவட்ட பிஷப்புக்குத்தான்னு ஒத்துக்கிட்டாங்க. பல பேரு இத பல்டின்னு எழுதுனாங்க. எனக்கு அப்படித் தோணல, அவங்க சொன்ன ரெண்டும் ரெண்டு வேற கேள்விக்கான பதில்.

அடுத்து அரசாங்கம். ஏசிஎல்யுங்கிற சிவில் உரிமை அமைப்பு 2010 ஜூலையிலயும் டிசம்பர்லயும் மெடிகேர்ங்கிற மத்திய அரசு மருத்துவக் காப்பீட்ட நடத்துற அலுவலகத்துக்கு எழுதி, கத்தோலிக்க ஆஸ்பத்திரிங்க 1986 அவசர சிகிச்சைச் சட்டத்த மீறுதான்னு விசாரிக்கணும்னு கேட்டுச்சு. மெடிகேர் பணம் வாங்கி எமர்ஜென்சி வார்டு நடத்துற ஆஸ்பத்திரி உயிருக்கு ஆபத்தா வர்ற யாரையும் நிலைப்படுத்தாம அனுப்பக்கூடாதுங்கிறது அந்தச் சட்டம். இன்னொரு பக்கம் 1973லயே சர்ச் திருத்தம்னு ஒண்ணு இருக்கு, செனட்டர் ஃபிராங்க் சர்ச் பேர்ல வந்தது, அரசு நிதி வாங்குறத வச்சே மனசாட்சிக்கு விரோதமா கருக்கலைப்பு செய்யச் சொல்ல முடியாது. ரெண்டு சட்டமும் இன்னைக்கும் உயிரோட இருக்கு.

என்னைப் பொறுத்தவரை எது கத்தோலிக்கம்னு அரசாங்கம் சொல்லக்கூடாது, கோர்ட்டும் சொல்லக்கூடாது. அமெரிக்க உச்ச நீதிமன்றத்துல 1871ல வாட்சன் கேஸ், 1952ல கெட்ராஃப் கேஸ், 2012ல ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரல்ல சொன்ன ஹொசான்னா டேபர் கேஸ் எல்லாமே, சபை தன்ன எப்படி நடத்திக்கணும், யார ஊழியரா வச்சுக்கணும்ங்கிறதுல அரசு கை வைக்காதுன்னுதான் நிக்குது, அது நல்லது. ஆனா அமெரிக்கால ஏழுல ஒரு நோயாளி கத்தோலிக்க ஆஸ்பத்திரிலதான் படுக்குறாங்க, அதுல எத்தனையோ பேரு கத்தோலிக்கரே இல்ல, ஆம்புலன்ஸ்ல வர்றவங்க சபையத் தேர்ந்தெடுத்து வரல. மிஷிகன் மாநிலம் மஸ்கீகன்ல அதே 2010ல, 18 வாரத்துல பனிக்குடம் உடைஞ்சு வந்த ஒரு அம்மாவ கத்தோலிக்க ஆஸ்பத்திரி ரெண்டு தடவ வீட்டுக்கு அனுப்புச்சு, மூணாவது தடவ இன்ஃபெக்ஷனோட வந்து அங்கயே பிரசவமாச்சு, குழந்தை நிலைக்கல. தனக்கு என்ன வழி இருக்குன்னே யாரும் சொல்லலன்னு அவங்க வழக்குப் போட்டது ஆஸ்பத்திரி மேல இல்ல, வழிகாட்டுதல் எழுதுன ஆயர் பேரவை மேல. 2015ல மாவட்ட கோர்ட் தள்ளுபடி பண்ணுச்சு, மதக் கோட்பாட்ட நாங்க ஆராய முடியாதுங்கிறது ஒரு காரணம். 2016ல மேல் கோர்ட்டும் வேற காரணங்கள் சொல்லி அதே முடிவுக்கு வந்துச்சு. கோர்ட் விலகி நின்னது சட்டப்படி சரியா இருக்கலாம். ஆனா திருச்சபையோட சுதந்திரத்துக்காகக் கோர்ட் விலகுற இடத்துல, அந்த அம்மாவுக்கு பதில் சொல்ற கடமை முழுசா திருச்சபை தலையில வந்து உக்காருது. உங்களுக்கு இங்க இது கிடைக்காது, வேற எங்க கிடைக்கும்னு முன்னாடியே நேர்மையா சொல்றதுக்குக்கூட மனசு வரலன்னா எப்படி?

கருக்கலைப்புக்கு நாடு முழுக்க இருந்த அரசியல் சாசன உரிமைய உச்ச நீதிமன்றம் எடுத்துட்ட 2022 டாப்ஸ் தீர்ப்புக்கப்புறம் இதே குழப்பம் மாநிலச் சட்டங்களுக்குள்ளயே வந்துருச்சு. அரிசோனாலயே 2024 ஏப்ரல்ல மாநில உச்ச நீதிமன்றம் 1864ம் வருஷத்துப் பழைய தடைச் சட்டத்த உயிர்ப்பிச்சது, தாயோட உயிரக் காக்க மட்டும் விதிவிலக்கு. அடுத்த மாசமே சட்டசபை அத ரத்து பண்ணுச்சு, நவம்பர்ல மக்கள் ஓட்டுப் போட்டு கருக்கலைப்ப மாநில அரசியல் சாசனத்துலயே உரிமையா எழுதிட்டாங்க. எவ்வளவு ஆபத்து வந்தா ஆபத்துன்னு கேட்டு டாக்டர்ங்க வக்கீலுக்கு ஃபோன் போடுற நிலைமை பல மாநிலங்கள்ல வந்துச்சு. உயிருக்காக நிக்கிற நாம இந்தக் கேள்விய 2010லயே பொறுமையா உக்காந்து பேசி முடிச்சிருந்தா சட்டம் எழுதுறவங்களுக்கு ஒரு தெளிவான வார்த்தையக் கொடுத்திருக்கலாம். அது எனக்கு உண்மையிலயே வலிக்குது.

ஃபீனிக்ஸ்ல அப்புறம் நடந்தத சுருக்கமா சொல்றேன். சிஸ்டர் மார்கரெட் திருச்சபையோட ஒப்புரவாயிட்டாங்கன்னு 2011 டிசம்பர்ல செய்தி வந்துச்சு, மெர்சி சபையிலயே தொடர்ந்தாங்க. 2012 ஜனவரில நிறுவனம் கத்தோலிக்கம்ங்கிற வார்த்தையப் பேர்லேருந்து எடுத்துட்டு டிக்னிட்டி ஹெல்த் ஆச்சு, 2019ல இன்னொரு கத்தோலிக்க ஆஸ்பத்திரிக் குழுமத்தோட சேர்ந்து காமன்ஸ்பிரிட் ஆச்சு. ஆஸ்பத்திரி செயின்ட் ஜோசப்ஸ்ங்கிற பேர்லயே இயங்குது.

2018ல ஆயர் பேரவை வழிகாட்டுதலோட ஆறாவது பதிப்ப வெளியிட்டாங்க. மாத்துனது கடைசிப் பகுதிய, மத்த நிறுவனங்களோட கூட்டு சேர்றதப் பத்தின பகுதி, அதுல எது சரி எது தப்புன்னு முடிவு பண்ற பொறுப்பு மறைமாவட்ட பிஷப்புக்குன்னு முன்னவிடத் தெளிவா எழுதியிருக்காங்க. 47வது டைரக்டிவ் அதுல பழையபடியே இருந்துச்சு. அதே வருஷம் டிசம்பர் 10ம் தேதி ரோம்ல விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் கர்ப்பப்பைய எடுக்கிறதப் பத்தி ஒரு கேள்விக்கு பதில் கொடுத்துச்சு. குழந்தைய பிழைக்கிற கட்டம் வரைக்கும் சுமக்கவே முடியாதுன்னு டாக்டர்ங்க உறுதியா சொல்ற கர்ப்பப்பைய எடுக்கலாம், அது கருத்தடை ஆகாது, ஏன்னா தடுக்கிறதுக்கு அங்க பிள்ளைப்பேறே சாத்தியமில்லன்னு சொன்னாங்க. கத்தி எதத் தொடுதுங்கிறத மட்டும் பாக்காம, இன்னும் சாத்தியமா இருக்கிறது என்னன்னும் பாத்திருக்காங்க. 11 வாரக் கர்ப்பத்தோட ஷாக்குல கிடந்த அந்த அம்மாவோட ரூமுக்குள்ள அதே கேள்வியோட யாராவது திரும்பப் போவாங்களான்னு நான் இன்னும் எதிர்பார்த்துட்டு இருக்கேன்.